பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட நாற்பது விநாடி

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக ரெக்கார்டிங் வசதியுள்ள டி.டி.எச். பெட்டி இருக்கிறது. சில வாரங்களாகத் தானாக அணைந்து அணைந்து எரிகிறது. கம்பெனிக்குப் போன் செய்தால், "பழைய மாடல், மாற்றித் தருகிறோம், பழையதைக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். என் கணவர் ஒரு பட்டிமன்றத்தில் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து பேசிய காட்சி அதில் இருக்கிறது. நாற்பது விநாடிதான். அவர் இப்போது இல்லை. இங்கே ஒரு ரிப்பேர் கடைக்காரர், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பென்டிரைவில் ஏற்றித்தர நாலாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? இன்னொன்று: ஒரு சேனலைப் பதிவு செய்யும்போது வேறு சில சேனல்களில் "சிக்னல் இல்லை" என்று வருகிறது. புதுப் பெட்டியிலும் அப்படித்தான் இருக்குமா?
— ஸ்ரீரங்கம் வாசகி

பதில்:

கொடுக்காதீர்கள் அம்மா. "ஐந்நூறு அட்வான்ஸ் மட்டும்" என்றாலும் கொடுக்காதீர்கள்.

காரணத்தை அப்புறம் சொல்கிறேன். பெட்டி இன்னும் ஓடுகிறதென்றால், இதைப் படித்த கையோடு ஒரு வேலை செய்யுங்கள். டிவிக்கு எதிரே ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி, செல்போனைப் படுக்கைவாட்டில் சாய்த்து வையுங்கள். திரை முழுவதும் போனுக்குள் அடங்க வேண்டும். அறை விளக்கை அணையுங்கள். ஃபேனையும் நிறுத்துங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, குரல் கெடக்கூடாது. காட்சிக்கு ஒரு நிமிடம் முன்னாலிருந்து ஓடவிட்டு வீடியோ எடுங்கள். இரண்டு தடவை எடுங்கள். பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்ற வழியாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

இதைச் சொல்ல ஒரு நிபுணரா என்று கேட்பீர்கள். நல்ல பிரதி வேண்டும், அசல் மாதிரியே வேண்டும் என்று மாதக்கணக்கில் அலைந்து, அதற்குள் டிஸ்க் நின்றுபோய், கடைசியில் எதுவுமே மிஞ்சாமல் நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சுமாரான பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். மீதியை நிதானமாகப் பார்க்கலாம்.

சரி, அந்த நாலாயிரம். உங்கள் பெட்டி நிகழ்ச்சியை டிஸ்க்கில் எழுதும்போது பூட்டித்தான் எழுதுகிறது. சாவி அந்தப் பெட்டியின் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினால், அதற்கு அது ஒரு குப்பை டிஸ்க். "இதை ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று திரையில் கேட்கும். கடைக்காரர் பழக்கதோஷத்தில் 'சரி' தட்டுவார். உங்கள் கணவர் பேசியது அந்த விநாடியில் போய்விடும். இரண்டு நாள் கழித்து, "டிஸ்க்கே போயிருந்ததும்மா, செக்கிங் சார்ஜ் மட்டும் கொடுங்க" என்பார். அவர் திருடர் என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் டிஸ்க்கில் அழிந்த போட்டோக்களை மீட்டுக் கொடுத்திருப்பார், இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருப்பார். ஆனால் இது அழிந்துபோன பொருள் இல்லை, பூட்டிய பொருள். பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்கிறவர்களும் உண்டு. 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு அதற்காகவே எழுதப்பட்டது. அந்த வம்பு உங்களுக்கு எதற்கு?

புதுப் பெட்டியில் பழைய டிஸ்க்கை மாட்டினாலும் ஓடாது. ரீசார்ஜ் முடிந்துபோனால், பதிவு செய்து வைத்ததைக்கூடப் பல பெட்டிகள் காட்டாது. ஆகவே பெட்டியை மாற்றும் யோசனை இருக்கிறதே என்று ரீசார்ஜை விட்டுவிடாதீர்கள்.

பெட்டி அணைந்து எரிவதற்கு வருவோம். ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டி இப்படிச் செய்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சுவரில் மாட்டும் கறுப்பு அடாப்டரைத்தான். டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் பெட்டி வழக்கத்தைவிடக் கூடுதல் மின்சாரம் இழுக்கும். ஒன்பது வருட அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் உப்பிப்போய் அந்த இழுப்பைத் தாங்காது. வோல்டேஜ் ஒரு கணம் சரியும், பெட்டி அணையும், திரும்ப எழும்பும், டிஸ்க் மறுபடி சுழலும், மறுபடி அணையும். அடாப்டரின் முதுகில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ, கொஞ்சம் கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. கடைக்குப் பழையதை எடுத்துப்போய்க் காட்டி, முனையும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில நூறு ரூபாயில் முடியும். ஆனால் பெட்டியில் காதை வைத்தால் 'டிக், டிக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்கிறதா? அப்படியானால் சாகிறது டிஸ்க். அதற்கு மருந்தில்லை.

கால் சென்டரில் "ரீசெட் பண்ணுங்க சார்" என்பார்கள். என் வீட்டிலேயே நடந்தது: ஒரு கம்பெனியின் கால் சென்டர் பெண் சொன்னபடி நானும், இதே தொழிலில் இருந்துகொண்டு, மெனுவில் ஒன்றொன்றாக அழுத்திப் போனேன். மூன்று வருட மார்கழிக் கச்சேரிகள் போயின. "உங்கள் சேவையில் மகிழ்ச்சி" என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது. பிளக்கைப் பிடுங்கி மாட்டுவது வேறு. 'ஃபேக்டரி' என்றோ 'ஃபார்மேட்' என்றோ திரையில் வந்தால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடாப்டர் மாற்றியதும் பெட்டி நிலையாக நின்றால், போனில் எடுத்ததைவிட நல்ல பிரதி ஒன்று எடுக்க வழி இருக்கிறது. நேர்வழிதான். எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாகப் பதிவு செய்யப் பார்த்தால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் கிடைக்கும், அந்த ஒயருக்குள்ளேயே பூட்டு இருக்கிறது. ஆனால் பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஓட்டைகள் இருக்கும், பழைய டிவிக்குப் போடும் ஏ.வி. வழி. அங்கே பொதுவாக அந்தப் பூட்டு கிடையாது. 'யூ.எஸ்.பி. வீடியோ கேப்சர்' என்று கேட்டால் கட்டைவிரல் அளவில் ஒரு கருவி தருவார்கள். மூன்று ஒயரையும் அதில் மாட்டி, அதை லேப்டாப்பில் செருகி, பெட்டியில் நிகழ்ச்சியை ஓடவிட்டால் அப்படியே லேப்டாப்பில் பதிவாகும். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், குறுக்குவழி இல்லை. படம் சாதாரணத் தரத்தில் இருக்கும். நீங்கள் பதிவு செய்தது எச்.டி. சேனல் இல்லையென்றால் அசலும் அதே தரம்தான்.

சில பெட்டிகளில் மூன்று ஓட்டைக்குப் பதில் ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்றே ஒன்று இருக்கும். அதற்கென்று ஒரு முனையில் ஒற்றைப் பின்னும் மறுமுனையில் மூன்று வண்ணமும் உள்ள ஒயர் உண்டு. இதில்தான் பலர் தோற்றுப்போய், "பெட்டியில் படமே வரவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பின்னில் நாலு வளையம் இருக்கிறது. எந்த வளையத்தில் படம், எதில் ஒலி என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். படம் வர வேண்டிய இடத்தில் ஒலி போனால் திரை வெறுமையாக நிற்கும், ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று இரைச்சல் வரும். அப்படி இரைந்தால் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் ஒயரையும் சிவப்பு ஒயரையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மஞ்சளையும் வெள்ளையையும். பல சமயம் அதிலேயே படம் வந்துவிடும். வராவிட்டால் அந்தப் பெட்டிக்கென்றே வந்த ஒயரைத் தேடுங்கள், வீட்டில் ஏதாவது ஒரு டப்பாவில் கிடக்கும். குடும்பத்துக்குள் பார்க்கத்தானே எடுக்கிறீர்கள், யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள்.

இந்தப் பூட்டெல்லாம் கட்டணச் சேனல்களால் வந்தது. தூர்தர்ஷனின் டி.டி. ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா கிடையாது, அதில் பூட்டாமல் வரும் சேனல்களைக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்டியே பென்டிரைவில் பதிவு செய்யும், அதைக் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்க்கலாம். முன்பு பொதிகையாக இருந்த டி.டி. தமிழ் அதில் உண்டு. நீங்கள் பார்க்கும் சீரியல்கள் கிடைக்காது, அதுதான் விஷயம்.

இனி 'சிக்னல் இல்லை' தொல்லை. நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது: உங்கள் வீட்டுக்கு ஒயர் போட்டவர் ஒரு ஒயரை மிச்சம் பிடித்திருக்கிறார். ஒன்றைப் பதிவு செய்துகொண்டே வேறொன்றைப் பார்க்கும் பெட்டிக்குள் இரண்டு டியூனர், அதாவது சேனலைப் பிடிக்கும் பகுதி, இருக்கும். ஒவ்வொன்றுக்கும் டிஷ்ஷிலிருந்து தனித்தனி ஒயர் வர வேண்டும். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளில் சில செங்குத்தாகவும் சில கிடையாகவும் வருகின்றன. டிஷ்ஷின் மூக்கில் இருக்கிறதே எல்.என்.பி., அதற்கு ஒயர் வழியாக 13 வோல்ட் போனால் செங்குத்து அலையைக் கொடுக்கும், 18 வோல்ட் போனால் கிடையலையைக் கொடுக்கும். ஒரு ஒயரில் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றுதான் போக முடியும். உங்கள் ஆள் ஒரே ஒயரைக் கொண்டுவந்து, பெட்டிக்குப் பின்னால் பத்து ரூபாய் ஸ்பிளிட்டரை வைத்து இரண்டாகப் பிரித்திருப்பார். பதிவாகும் சேனல் செங்குத்து என்றால் மற்ற செங்குத்துச் சேனல்கள் வரும், கிடைச் சேனல்கள் வராது. அதனால்தான் 'சில' சேனல்களில் மட்டும் சிக்னல் இல்லை. எத்தனையோ வீடுகளில் இந்த ஸ்பிளிட்டரைத் தடவிப் பார்த்துக் கழற்றியிருக்கிறேன். பெட்டியைக் குறை சொல்லிப் புதுப் பெட்டி வாங்க வைக்கிறவர்கள் அதே ஒற்றை ஒயரைப் புதுப் பெட்டியிலும் செருகிவிட்டுப் போவார்கள். இரண்டு வாய் உள்ள எல்.என்.பி.யும் இன்னொரு ஒயரும் போட்டால் தொல்லை தீரும்.

வாங்கும்போது கேட்க வேண்டியது: ரெக்கார்டிங் உண்டா? (இப்போது வரும் ஆண்ட்ராய்டு பெட்டிகள் பலவற்றில் ஆப் எல்லாம் இருக்கும், பதிவு வசதி இருக்காது.) டியூனர் ஒன்றா, இரண்டா? பெட்டி வாடகைக்கா, சொந்தமா? பென்டிரைவில் பதிவு செய்யும் பெட்டி என்றால் நல்ல கடையில் ரசீதோடு பென்டிரைவ் வாங்குங்கள். எச்.டி. சேனல் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3.6 ஜி.பி. பிடிக்கும். ரோட்டோரத்தில் '512 ஜி.பி.' என்று விற்கும் போலிகளில் முதல் சில மணி நேரம் பதிவாகும், மீதி காற்றில் போகும்.

நிகழ்ச்சி தாமதமானால் கடைசிப் பகுதி வெட்டுப்படும், எந்தப் பெட்டி வாங்கினாலும். கிரிக்கெட் இழுத்துக்கொண்டு போனால் அடுத்து வருவதில் பாதி பதிவாகாது. சேனல்காரர்கள் அனுப்பும் நேரப் பட்டியலை நம்பிப் பெட்டி நிறுத்திவிடுகிறது. இரண்டு சீரியல்களைச் சேர்த்து 'மகாசங்கமம்' என்று பெயரை மாற்றிவிட்டால், தினமும் தானாகப் பதிவு செய்யச் சொல்லி வைத்திருந்த பெட்டி, "இது வேறு நிகழ்ச்சி போலிருக்கிறது" என்று சும்மா இருந்துவிடும். மேற்கு ஜெர்மனியில் 1985-லேயே இதைத் தீர்த்துவிட்டார்கள். வீடியோ கேசட் காலத்தில்! நிகழ்ச்சி உண்மையில் தொடங்கும்போது சேனலே ஒரு அடையாளத்தை அலையோடு அனுப்பும், ரெக்கார்டர் அதற்காகக் காத்திருக்கும். அமெரிக்காவில் 2016-ல் டிஷ் நெட்வொர்க் 16 டியூனர் வைத்த பெட்டி விற்றது. இங்கே இரண்டு டியூனருக்கு இரண்டாவது ஒயர் போட வைப்பதற்கே சண்டை போட வேண்டியிருக்கிறது. எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் அதே பெட்டி ஓட வேண்டும் என்று 2020-ல் ட்ராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், பரிந்துரைத்தது. பரிந்துரைத்தது, அவ்வளவுதான். இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது: முக்கியமான நிகழ்ச்சி என்றால் அடுத்த நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவு போட்டுவையுங்கள்.

கம்பெனி ஆளை வரச் சொல்ல அவசரப்படாதீர்கள். பிரதி லேப்டாப்பில் ஏறி, அதை இன்னொரு வீட்டில் போட்டுப் பார்த்து, ஒலியும் படமும் சரி என்று தெரிந்த பிறகு கூப்பிடுங்கள். பெட்டி வாடகை என்றால் பழையதை எடுத்துப்போவார், அதோடு டிஸ்க்கும் போகும். புதியதை மாட்டி முடித்ததும் பின்பக்கம் எத்தனை ஒயர் வந்திருக்கிறது என்று பாருங்கள். மொட்டைமாடியில் டிஷ்ஷிலிருந்தும் அத்தனை ஒயர் கிளம்புகிறதா என்று பக்கத்து வீட்டுப் பையனைப் போட்டோ எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டு இல்லையென்றால் அந்த ஆள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.