வெங்கச்சாங்கல்லில் அம்பு முனை வருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் தோட்டத்து வரப்பெல்லாம் வெங்கச்சாங்கல்தான், அதாவது வெள்ளைக் குவார்ட்ஸ். கல்லைத் தட்டியே அம்பு முனை செய்வதை வீடியோவில் பார்த்து நானும் உட்கார்ந்தேன். ஒன்று தூளாக நொறுங்குகிறது, இல்லையென்றால் எத்தனை அடி கொடுத்தாலும் அசைய மாட்டேன் என்கிறது. நம்மூர்க் கல்லில் இது ஆகாத வேலையா?
— வாசகர், காங்கேயம்

பதில்: ஆகும் தம்பி. ஆனால் வீடியோவில் பார்த்த முனையை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆகாது. அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஃப்ளின்ட் என்ற சிக்கிமுக்கிக் கல், அல்லது எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன். அதில் கண்ணுக்குத் தெரிகிற துகளும் இல்லை, வரியும் இல்லை. அடி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே சில்லு கழன்று வரும். நம் பக்கம் கிடைப்பதோ பாறை வெடிப்புகளில் பாய்ந்து இறுகிய வெங்கச்சாங்கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நீர்க்குமிழிகள் ஏராளம் அடைபட்டிருப்பதால்தான் அது பால் வெள்ளையாக இருக்கிறது. அதோடு பழைய விரிசல்கள் வேறு. நீங்கள் அடிக்கும் அடி அந்த விரிசலைத் தேடிப் போய்விடுகிறது.

அதனால் பாதி வேலை கல்லைப் பொறுக்குவதில் இருக்கிறது. என் அப்பா அம்மி, ஆட்டுக்கல் கொத்தியவர். எந்தக் கல்லையும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் உளியை எடுப்பார். கணீரென்றால் கல் முழுசு, பொத்தென்றால் உள்ளே உடைசல். வெங்கச்சாங்கல்லுக்கும் அதே கணக்குதான். செம்மண் நிற வரி ஓடுகிற கல்லைத் தள்ளிவிடுங்கள். அந்த வரி, விரிசலுக்குள் இரும்புக் கறை இறங்கியதன் அடையாளம். வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஓரம் கொஞ்சம் ஒளி விடுகிற, எண்ணெய் தடவியது போல் மினுங்குகிற கல்தான் நமக்கு வேண்டும். வரப்புக் கல்லைவிட பவானி, நொய்யல், அமராவதி ஆற்றுப் படுகைக் கூழாங்கல் நல்லது. வெள்ளத்தில் உருண்டு மோதும்போதே பலவீனமான கல் உடைந்துபோயிருக்கும். மிச்சம் இருப்பது உறுதியான கல்.

சரி, கல் கிடைத்துவிட்டது. கையில் பிடித்துத் தட்ட முடியாத சின்னக் கூழாங்கல்லென்றால், கனமான கருங்கல்லின் மேல் நிறுத்தி வைத்து, உச்சியில் நேர் செங்குத்தாக அடியுங்கள். கீழேயும் மேலேயும் ஒரே நேரத்தில் அழுத்தம் ஏறி, கல் நெடுக்காகப் பிளக்கும். உலகத்தில் வெங்கச்சாங்கல் புழங்கிய இடங்களிலெல்லாம் பழைய மனிதர்கள் கையாண்ட வழி இது. தெறித்த சில்லுகளில் மெல்லிசானதாக, ஒரு பக்கம் கூர்மையானதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கல் பெரிதாக இருந்தால் ஓரத்தைத் தயார் செய்தாக வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பிடிவாதக் கல்லுக்குப் பலத்த அடி தேவைதான். ஆனால் பலத்த அடி மெல்லிய ஓரத்தில் விழுந்தால் ஓரம்தான் பொடியாகும், சில்லு வராது. உடைந்த சாணைக்கல் துண்டால் அந்த விளிம்பை அழுத்தித் தேயுங்கள். விரலால் தடவினால் மழமழவென்று இருக்க வேண்டும். அடிக்கும் பரப்புக்கும் சில்லு கழல வேண்டிய முகத்துக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகைக்குள் இருப்பது முக்கியம். 70 பாகை அளவில் இருந்தால் வேலை சுலபம். முகத்தில் முதுகு மாதிரி மேடு எங்கே ஓடுகிறதோ, அதற்கு நேர் மேலே அடியுங்கள். சில்லு அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டுதான் நீளமாக இறங்கும். அடி இறங்காமல் பாதியில் படிக்கட்டாக நின்றுவிட்டால், அதே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தாதீர்கள். படி உயர்ந்துகொண்டேதான் போகும். கல்லைத் திருப்பி, எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தப் படிக்கு அடியில் போகும்படி ஒரு சில்லை எடுங்கள்.

கடைசியில் முனை தீட்ட, எர்த்துக்குப் போடும் தடித்த செப்புக் கம்பித் துண்டை மரப்பிடியில் செருகிக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் தோல் துண்டை வைத்து, அதன் மேல் சில்லைப் பிடித்து, விளிம்பில் கம்பியை ஊன்றி உள்நோக்கி அழுத்திவிட்டுச் சட்டெனக் கீழே தள்ள வேண்டும். ஃப்ளின்ட்டில் போல நீளச் செதில் வராது, துளித்துளியாகத்தான் உதிரும். விரல் நகம் அளவுக்கு ஒரு முனை வந்தாலே நல்ல வேலை. தூத்துக்குடிப் பக்கத்துத் செம்மணல் தேரிக்காடுகளில் செர்ட் என்ற ஃப்ளின்ட் இனத்துக் கல்லிலும் வெங்கச்சாங்கல்லிலும் கிடைத்த பழைய கருவிகளும் சின்னஞ்சிறியவைதான். நாமும் அந்த அளவை நம் அளவாக வைத்துக்கொள்ளலாம்.

கை பழகும்வரை தடித்த கண்ணாடி பாட்டிலின் அடிப்பாகத்தில் பழகுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ஷூ கட்டாயம். இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து தூசி. இந்தக் கல்லின் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும், வந்தால் திரும்பாது. திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகிலிருந்து அடிக்கும்படி, முகக்கவசம் போட்டு உட்காருங்கள். திண்ணையிலும் அறைக்குள்ளும் வேண்டவே வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

கேள்வி: ஐயா, கல்லைச் சூடுபடுத்தினால் தட்டுவதற்கு இளகும் என்கிறார்களே? முனை தீட்ட மான் கொம்பு எங்கே வாங்கலாம்?
— கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: செர்ட், ஜாஸ்பர் போன்ற ஃப்ளின்ட் இனத்துக் கற்களுக்கு அது பொருந்தும். மணலில் புதைத்து 250 முதல் 300 டிகிரி வரை மெதுவாக ஏற்றி மெதுவாக ஆறவிட்டால் செதில் நீளமாக வரும். வெங்கச்சாங்கல்லைச் சுட்டால் உள்ளே இருக்கும் நீர் விரிந்து கல்லே வெடிக்கும். அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

மான் கொம்பு வேண்டாம். காட்டில் தானாக உதிர்ந்ததாக இருந்தாலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். செப்புக் கம்பி போதும்.

கேள்வி: அகழாய்வு நடந்த பழங்கால ஊரான கொடுமணல் எங்களுக்குப் பக்கம்தான். அங்கே போய்ப் பழைய சில்லுகளைப் பொறுக்கி வந்து பார்த்துப் பழகலாமா?
— வாசகி, சென்னிமலை

பதில்: கூடாதுங்க அம்மா. கொடுமணலில் படிகக்கல், பச்சைக்கல், சூதுபவளம் எல்லாவற்றிலும் மணி செய்திருக்கிறார்கள். தட்டி உருவம் எடுத்தது, தேய்த்தது, துளை போட்டது என்று ஒவ்வொரு கட்டத்தில் நின்றுபோன மணிகளும் அகழாய்வில் வந்திருக்கின்றன. பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைப்பது. ஒரு சில்லு எந்த இடத்தில், எதன் பக்கத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் பட்டறை எங்கே இருந்தது என்று சொல்ல முடிகிறது. எடுத்து வந்துவிட்டால் அது வெறும் கல்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் புதிதாகத் தட்டிய சில்லுகளை அங்கேயோ ஆற்றங்கரையிலோ கொட்டிவிடாதீர்கள். பின்னால் ஆய்வுக்கு வருகிறவர்களுக்குப் புதுசு எது, பழசு எது என்று தெரியாது. வேலை முடிந்ததும் சில்லு, தூள் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி உங்கள் தோட்டத்திலேயே குழி வெட்டி மூடுங்கள். குழிக்குள் இந்த வருடம் அச்சிட்ட ஒரு ரூபாய் நாணயத்தையும் போட்டு மூடுங்கள். என்றைக்கு யார் தோண்டினாலும் காலம் தெரிந்துவிடும்.