புல்லு மருந்து உடம்பில் எத்தனை நாள் இருக்கும்?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர். போன வாரம் வரப்புக்குப் புல்லு மருந்து அடிக்கப் போன அப்பா, மருந்து கலந்து வைத்திருந்த பாட்டிலைத் தண்ணீர் என்று நினைத்து ஒரு மடக்கு குடித்துவிட்டார். டப்பாவில் கிளைபோசேட் என்று போட்டிருந்தது. மதுரை பெரியாஸ்பத்திரியில் 3 நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் விஷம் ஈரலில் தங்கிவிடும், கீழாநெல்லி அரைத்துக் கொடு என்கிறார் அத்தை. கொடுக்கலாமா?

பதில்: டப்பாவில் இருந்த பெயரைப் பார்த்து எழுதினீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. வெறுமனே புல்லு மருந்து என்றால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது.

கிளைபோசேட் குடலிலிருந்து முழுதாக ரத்தத்தில் ஏறாது. ஏறக்குறைய கால் பங்கு ஏறும், மிச்சம் மலத்தோடு போய்விடும். ஏறியதையும் ஈரல் பெரிதாக உடைப்பதில்லை. வந்த உருவத்திலேயே சிறுநீரகம் வடித்து வெளியே தள்ளும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால், ரத்தத்தில் இருப்பது 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இரண்டு நாளில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அப்புறம் எதற்கு 3 நாள்? மருந்து இலையில் ஒட்டிப் பரவ, சோப்பு மாதிரி ஒரு சேர்மானம் கலந்திருப்பார்கள். கையில் பட்டால் வழவழவென்று இருக்குமே, அது. பல சமயம் மருந்தைவிட அதுதான் வம்பு. தொண்டையையும் இரைப்பையையும் புண்ணாக்கும், அதிகமானால் ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால் இன்னும் மோசம். அதனால்தான் உப்புக் கரைசல், சாணிக் கரைசல் என்று எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறோம். இதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. சலைன் ஏற்றி, மூத்திரம் எவ்வளவு போகிறது என்று அளந்துகொண்டே இருப்பதுதான் வைத்தியம்.

டப்பாவில் பாராகுவாட் என்ற வேறொரு புல்லு மருந்தின் பெயர் இருந்திருந்தால் என் பதிலே வேறு. அதுவும் சிறுநீரகம் வழியாகத்தான் போகும், ஆனால் போகிற போக்கில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நுரையீரல் வேறு அதை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். நன்றாக இருக்கிறார் என்று அவசரப்பட்டு வீட்டுக்குக் கூட்டிப் போய், சில நாளில் மூச்சு வாங்குகிறது என்று திரும்பி வருவது இதில்தான். மூத்திரத்தில் ஒரு பொடியைப் போட்டால் நீலமாக மாறும், அதை வைத்துக் கண்டுபிடிப்போம். கேரளாவில் பாராகுவாட்டை 2011லேயே தடை செய்துவிட்டார்கள். 2,4-டி என்ற இன்னொரு புல்லு மருந்து என்றால் பைகார்பனேட் ஏற்றி மூத்திரத்தின் காரத்தன்மையைக் கூட்டுவோம், வேகமாக வெளியேறும். இதனால்தான் ஆளோடு சேர்த்து டப்பாவையும் 108 வண்டியில் ஏற்றுங்கள் என்பது.

சரி, அப்பாவுக்கு இப்போது ஒரு தடவை கிரியாட்டினின் பரிசோதனை செய்துவிடுங்கள், சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் கொண்டு போங்கள். விழுங்கும்போது வலி, கருப்பாக மலம், விடாத இருமல், மூத்திரம் குறைவது, இதில் எது வந்தாலும் அன்றே போங்கள். வயிறு இன்னும் ஆறிக்கொண்டிருக்கலாம், பச்சிலை அரைத்து எதுவும் வேண்டாம். அத்தை கேட்டால், இதில் ஈரலுக்குப் பெரிய வேலையே இல்லை என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.