'இன்பாக்ஸுக்கு வாருங்கள்' – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காது கேட்கும் கருவி அணிபவர்களுக்காக நானும் மூன்று நண்பர்களும் ஓர் இணையக் குழு நடத்துகிறோம். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். நான்கு மாதம் முன்பு கருவி தயாரிக்கும் நிறுவனம் ஒன்று அதிகாரப்பூர்வக் கணக்கோடு வந்து சேர்ந்தது. 'விளம்பரம் செய்ய வந்தவர்களைத் துரத்துங்கள்' என்கிறார்கள் சிலர். ஆனால் யாராவது குறை சொன்னால் அந்தக் கணக்கு உடனே 'இன்பாக்ஸுக்கு வாருங்கள்' என்று அழைத்துத் தீர்த்துவைக்கிறது. குழுவில் சண்டையே குறைந்துவிட்டது. நிறுவனப் பெயருக்குத் தனி நிறம் தரலாமா? வாரத்துக்கு எத்தனை விளம்பரப் பதிவுகளை அனுமதிக்கலாம்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

விளம்பரம் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ, உங்கள் விருப்பம். அதற்கென்று ஓர் இழை (ஒரே தலைப்பின்கீழ் வரும் பதிவுகளின் தொடர்) ஒதுக்கிவிடுங்கள், போதும். நிறுவன ஊழியர் சாதாரண வாடிக்கையாளர்போல வந்து கருவியைப் புகழ்ந்தால் மட்டும் அன்றே நீக்குங்கள். நிறமும் தரலாம். ஆனால் நிறத்தைப் பிரித்தறிய முடியாதவர்களும், திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருப்பவர்களும் குழுவில் இருக்கக்கூடும். ஆகவே 'நிறுவனக் கணக்கு' என்று எழுத்தில் போடுங்கள்.

அதற்கு முன்னால், அது நிஜமாகவே அந்த நிறுவனம்தானா என்று பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2022 நவம்பரில் ட்விட்டர் கணக்கு அசல்தான் என்று காட்டிவந்த நீல டிக்கை மாதம் 8 டாலருக்கு விற்றபோது, எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் யாரோ கணக்குத் தொடங்கி 'இன்சுலின் இனி இலவசம்' என்று எழுதினார்கள். உண்மையான நிறுவனம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. நிறுவனத்தின் மின்னஞ்சல் வந்தது என்பதும் போதாது; அதில் தெரியும் பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். முகவரியில் ஒரு எழுத்தை மாற்றினாலோ நடுவில் ஒரு கோடு சேர்த்தாலோ கண்ணுக்குத் தப்பிவிடும். கருவியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். அவர்கள் அனுப்பிய சுட்டியைத் தொடாதீர்கள். அந்தத் தளத்தின் தொடர்புப் பக்கத்தில் உங்கள் குழுவில் உள்ள தங்கள் கணக்கின் சுட்டியைப் போடச் சொல்லுங்கள். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளம் இப்படி, கணக்கிலிருந்து தளத்துக்கும் தளத்திலிருந்து கணக்குக்கும் உள்ள இருபக்கச் சுட்டியை வைத்துத்தான் உறுதிசெய்கிறது. ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தில் நிறுவனம் தன் தள முகவரியையே கணக்கின் பெயராக வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சரிபாருங்கள். ஊழியர் வேலையை விட்டுப் போனபின்னும் கடவுச்சொல் அவர் கையிலேயே இருப்பதுண்டு.

பெயர் விஷயத்தில் ஆங்கில விக்கிப்பீடியா வெறும் நிறுவனப் பெயரில் கணக்கை அனுமதிப்பதில்லை. ஜெர்மன் விக்கிப்பீடியா சரிபார்த்துவிட்டு அனுமதிக்கிறது. உங்களுக்கு நான் சொல்வது: நிறுவனப் பெயர் இருக்கட்டும், ஒவ்வொரு பதிலின் கீழும் எழுதியவரின் பெயரோ முதலெழுத்தோ கட்டாயம் வேண்டும். முந்தாநாள் ஒருவர் 'அப்டேட்டில் சரியாகும்' என்பார், இன்று இன்னொருவர் 'அது கோளாறே இல்லை' என்பார். யாரைப் பிடித்துக் கேட்பது?

துரத்தச் சொல்கிறவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோபத்தில் பதிலைப் புதைத்துவிடக் கூடாது. 2017இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 என்ற வீடியோ விளையாட்டு பற்றி அதை வெளியிட்ட இஏ நிறுவனம் ரெடிட் என்ற விவாதத் தளத்தில் எழுதிய பதிலுக்கு ஆறரை லட்சத்துக்கு மேல் எதிர்வாக்குகள் விழுந்தன. கோபம் நியாயமானதுதான். ஆனால் எதிர்வாக்கு விழ விழ ரெடிட் பதிலைச் சுருட்டி மறைத்துவிடும். நிறுவனம் என்னதான் சொன்னது என்று தேடி வருபவருக்கு அது கண்ணில் படாது. அதிகாரப்பூர்வப் பதில்களுக்கு வாக்கை நிறுத்திவையுங்கள். திட்ட வேண்டியதைக் கீழே எழுத்தில் திட்டட்டும்.

இனி, நீங்கள் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப்போன விஷயம். சில காலமாகவே என்னை உறுத்திக்கொண்டிருப்பது இதுதான். சண்டை குறையவில்லை நண்பரே, குழுவின் அறிவு குறைந்திருக்கிறது.

வலதுகாதுக் கருவி சாயங்காலமானால் அணைந்துவிடுகிறது என்று ஒருவர் எழுதுகிறார். 'இன்பாக்ஸுக்கு வாருங்கள்.' நான்கு நாள் கழித்து 'சரியாகிவிட்டது, நன்றி' என்கிறார். என்ன சரியானது? சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளியில் படிந்த அழுக்கைத் துடைத்தார்களா, கருவிக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றினார்களா, வாரண்டியில் வேறு கருவி கொடுத்தார்களா? அதே கருவியை அணியும் அடுத்தவருக்கு உங்கள் குழுவில் ஒன்றுமே மிஞ்சவில்லை. பத்துப் பேருக்கு ஒரே கோளாறு வந்தால், பத்து புகார்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் அது தயாரிப்புக் குறையோ என்ற சந்தேகமே வரும். இன்பாக்ஸ் அதைப் பத்துத் துண்டாக்கிவிடுகிறது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறார், அதிலும் வயதானவர்கள் பழியைத் தங்கள்மேலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. மோசடிக்காரர்கள் புகார்ப் பதிவுகளைத் தேடித் திரிகிறார்கள். நிறுவனப் பெயரைப்போலவே ஒரு கணக்கு, அதே படம், சில நிமிடங்களில் 'இன்பாக்ஸுக்கு வாருங்கள்'. பிறகு பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று ஓடிபி கேட்பார்கள், அல்லது திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வார்கள். நான்கு மாதமாக அந்த வாசகத்தை நம்ப உங்கள் முதியவர்களைப் பழக்கிவைத்திருப்பது யார்? நீங்கள்தான். கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காசை இழக்கப்போவது அவர்கள்.

ஆகவே விதியை இப்படி வையுங்கள். நிறுவனத்தின் முதல் பதில் பொதுவில்தான் வர வேண்டும், அதில் விஷயம் இருக்க வேண்டும்: எந்த மாடல், எந்த ஃபர்ம்வேர் என்று கேட்கட்டும், இப்போதே செய்துபார்க்கக்கூடிய ஒன்றையாவது சொல்லட்டும். வரிசை எண், தொலைபேசி, முகவரி, ரசீது, செவிப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றுக்கு மட்டும் தனிச்செய்தி. அதையும் உறுப்பினர்தான் தொடங்க வேண்டும், குழுவின் மேலே பொருத்திவைத்த சுட்டி வழியாக. நிறுவனம் முந்திக்கொண்டு யாருக்கும் தனிச்செய்தி அனுப்பக் கூடாது. அப்படி வந்தால் அது போலி என்றே எடுத்துக்கொள்ளும்படி எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். பிரச்சினை முடிந்த ஏழு நாட்களுக்குள் அதே இழைக்குத் திரும்பி வந்து, காரணம் என்ன, என்ன செய்தோம், மற்றவர்களும் செய்ய வேண்டுமா என்று நான்கு வரி எழுத வேண்டும். அதுவரை இழையின் தலைப்பில் 'விடை வரவில்லை' என்று நிற்கட்டும். மூன்று முறை தவறினால் ஒரு மாதத்துக்கு 'நிறுவனக் கணக்கு' என்ற அடையாளத்தைப் பறித்துவிடுங்கள்.

'எங்கள் சட்டப் பிரிவு அனுமதிக்காது' என்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லையே. 'இதைச் செய்தோம், கருவி வேலை செய்கிறது' என்ற அளவுக்கு எழுதினால் போதும். அதுகூட முடியாதென்றால் அறிவிப்பு மட்டும் போடட்டும், புகார்களுக்குப் பதில் எழுதும் உரிமை வேண்டாம்.

இன்று நீங்கள் நால்வரும் உட்கார்ந்து இந்த நான்கு மாத இழைகளில் 'இன்பாக்ஸ்' என்று தேடுங்கள். அங்கே முடிந்துபோன ஒவ்வொன்றின் கீழும், அந்த உறுப்பினரை அழைத்து, 'கடைசியில் என்னவென்று சொன்னார்கள்?' என்று கேளுங்கள். பழையதிலிருந்து தொடங்குங்கள். நாளானால் அவர்களுக்கே மறந்துவிடும்.