ரிசப்ஷன் கோட் சூட்: முதலில் தோள்பட்டையைப் பாருங்கள்

"ரிசப்ஷனுக்கு முதல் தடவையாகக் கோட் சூட் எடுக்கப் போகிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சட்டை, டை எப்படி எடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் தடவை என்றால் அநேகமாகப் பெண் வீட்டில்தான் எடுத்துத் தருவார்கள். எனக்கும் அப்படித்தான். அதனால்தான் கடந்து போக முடியாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் டைலர் இல்லை, ஃபேஷன் தெரிந்தவனும் இல்லை. "வேட்டி சட்டை போதாதா" என்று கீழே எழுத வரப்போகிறவர்களுக்கு: போதும் ஐயா, முகூர்த்தத்துக்கு வேட்டிதான் கட்டினேன். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் கோட் போடாமல் மேடையேறினால் எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு என்னமோ குறை என்று பேசுவார்கள்.

2014, மே மாதம். மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. மாமனார், மச்சினன், பெண்ணின் இரண்டு சித்தப்பாக்கள், நடுவில் நான். கடைப் பையன் "என்ன சைஸ் சார்?" என்றான். நான் ஜம்பமாக 42 என்றேன். அப்போது தொளதொளவென்று 42 சட்டைதான் போடுவேன். சட்டையில் போட்டிருக்கும் 42 என்பது காலரின் சுற்றளவு, சென்டிமீட்டரில். கோட்டில் போட்டிருக்கும் 42 மார்பளவு, அங்குலத்தில். இது எனக்குத் தெரியாது. பின்னால் அளந்து பார்த்தால் என் மார்பு 38.

போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது அந்தப் பையன் என் முதுகுக்குப் பின்னால் துணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். முன்னாலிருந்து பார்த்தால் தைத்து ஒட்டியது போல இருந்தது. "எடுப்பா இருக்கு மாப்ளே" என்றார் மாமனார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவா? பணம் கொடுப்பது அவர். விலைச் சீட்டைக்கூட நான் பார்க்கவில்லை. "சொல்லியிருக்கலாமே" என்று சுலபமாகச் சொல்லலாம். நிச்சயம் முடிந்து 20 நாள்கூட ஆகாத மாப்பிள்ளையாக அங்கே நின்று பாருங்கள், தெரியும். மாமனாரைக் குறை சொல்வதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தங்கமான மனிதர், ஆசையாகத்தான் எடுத்துக் கொடுத்தார்.

கடையிலேயே ஆல்டர் செய்து தந்தார்கள். என்ன செய்தார்கள் என்றால், இடுப்பில் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துவிட்டார்கள். தோள்பட்டை அப்படியே இருந்தது. ஆக இடுப்பில் இறுக்கம், தோளில் ஒரு கட்டைவிரல் அளவுக்குத் துருத்தல். ஆல்பத்தில் பார்த்தால் ஹேங்கரோடு சேர்த்துப் போட்டுக்கொண்டவன் போல நிற்கிறேன். போட்டோக்காரர் "ஒரு கையை பாக்கெட்ல விடுங்க சார்" என்றார். விட்டால் கை போகவில்லை. புதுக் கோட்டில் பாக்கெட் வாயைத் தைத்துத்தான் கொடுப்பார்களாம். பின்பக்கத் திறப்பிலும் பெருக்கல் குறி மாதிரி ஒரு நூல் இருக்கும். கையில் கம்பெனி லேபிள் இருக்கும். எல்லாமே பிரித்து எடுக்க வேண்டியவை. எனக்கு யாரும் சொல்லவில்லை. லேபிளோடுதான் 600 பேருக்குக் கை கொடுத்தேன்.

இதில் மண்டபத்துக்காரர்கள் வேறு. ஏசி மண்டபம் என்று சொல்லித்தான் வாடகை வாங்கினார்கள். ஏசிக்கு மணிக்கணக்கில் தனிக் காசு என்பது கடைசியில்தான் தெரிந்தது. ராத்திரி எட்டரைக்கு அணைத்துவிட்டார்கள். விருதுநகர் வெயில், கத்திரி முடியாத நேரம், உள்ளே பாலியஸ்டர் லைனிங். கேட்கப் போன என் அண்ணனிடம் "டீசல் விலை என்ன தெரியுமா" என்றார்களாம். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் ஆறவில்லை. சரி, அதை விடுங்கள்.

இரண்டு வருஷம் கழித்து, வக்கீல்களுக்குக் கோட் தைக்கிற ஒரு பெரியவரிடம் அந்தக் கோட்டை எடுத்துப் போனேன். தோளில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இதை நான் தொட மாட்டேன் தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையைப் பிரிக்க வேண்டும், உள்ளே இருக்கும் பஞ்சுப் பட்டையை எடுக்க வேண்டும், லைனிங்கைப் பிரிக்க வேண்டும். அந்தக் கூலிக்குப் புதிதே தைத்துவிடலாம் என்றார். கை நீளம், இடுப்பு, பேன்ட் உயரம் எல்லாம் பிறகு சரி செய்யலாம். தோள் மட்டும் எடுக்கும்போதே சரியாக இருக்க வேண்டும்.

அவர் காட்டிக் கொடுத்த வழி இது. கோட்டைப் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். உங்கள் புஜம் படுவதற்கு முன்னால் கோட்டின் தோள் சுவரில் இடித்து மடங்கினால் அது உங்கள் கோட் இல்லை. தோள் எலும்பு முடிகிற இடத்தில் தையலும் முடிய வேண்டும். பிறகு பட்டனைப் போட்டு, யாரையும் பின்னால் தொட விடாமல், கண்ணாடியைப் பாருங்கள். பட்டனைச் சுற்றித் துணி இழுத்துக்கொண்டு கோடு விழுந்தால் இறுக்கம். பின்கழுத்தில் கோட் காலர் சட்டைக் காலரை விட்டு விலகி நிற்கக் கூடாது. இரண்டு பட்டன் கோட்டில் கீழ்ப் பட்டனைப் போடுவதே இல்லை. நான் போட்டிருந்தேன், அதுவும் ஆல்பத்தில் இருக்கிறது.

துணி விஷயத்தில், மெல்லிய கம்பளி எடுங்கள் என்றால் சிரிப்பார்கள். ஆனால் வெயிலுக்கு பாலியஸ்டரைவிட அதுதான் காற்றை விடும். கட்டுப்படியாகாவிட்டால் முதுகில் பாதி லைனிங் போட்டதாகக் கேளுங்கள். கோடையில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் தவிர மற்ற இடங்களில் வக்கீல்களுக்கே கறுப்புக் கோட் கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. மாப்பிள்ளைக்குத்தான் அந்தச் சலுகை கிடையாது.

சட்டை வெள்ளையோ வெளிர் நீலமோ போதும். கழுத்துப் பட்டனைப் போட்ட பிறகு இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே கோட் எடுக்கப் போங்கள். கோட் கைக்கு வெளியே சட்டை அரை அங்குலம் தெரிய வேண்டும்.

டையின் அகலம் கோட்டின் மடிப்புக் காலர் அகலத்துக்கு ஏறக்குறைய ஒத்துப் போகட்டும். நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டால் போதும். கட்டத் தெரியாவிட்டால் முந்தின நாளே தெரிந்தவர் யாரையாவது கட்டித் தரச் சொல்லி, முடிச்சைத் தளர்த்திக் கழற்றி ஆணியில் மாட்டி வையுங்கள். எனக்கு அன்று டை கட்டிவிட்டவர் லைட் மியூசிக் குழுவின் கீபோர்டுக்காரர். அவர் வரும் வரைக்கும் மேடையில் பெண் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.