அன்றிரவு எத்தனை பேர்?

அன்புள்ள ஐயா,

ஒன்பது ஆண்டுகளாகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகிறேன். விரும்பித் தேர்ந்தெடுத்த தொழில் இது. சென்ற மாதம் இரவுப் பணியில் ஒரு நோயாளி இறந்தபோது எனக்கு வருத்தமே வரவில்லை; அடுத்த படுக்கைக்கு ஊசி போட நேரமாயிற்றே என்றுதான் தோன்றியது. அன்று முதல் என்னை நினைத்தால் எனக்கே அச்சமாக இருக்கிறது. சம்பளம் எனக்குப் பெரிதில்லை, சேவை மனப்பான்மை மங்குவதுதான் கவலை. பழைய ஆர்வத்தை மீட்க எதை வாசிக்கலாம்?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

நூல்களைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். விடிய விடிய நின்றுவிட்டுக் கண் எரிய வீடு திரும்புகிறவரிடம் புத்தகத்தை நீட்டுவதைவிடத் தூங்கச் சொல்வதே மரியாதை.

நீங்கள் கல்நெஞ்சக்காரியாகிவிடவில்லை. பணிச்சோர்வை அளப்பதற்குக் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் 1981இல் வெளியிட்ட அளவுகோலில் மூன்று கூறுகள் உண்டு: உள்ளம் வற்றிப்போவது, எதிரே இருப்பவரை ஆளாகப் பார்க்க முடியாமல் போவது, செய்த வேலை எதற்கும் பயனில்லை என்று தோன்றுவது. உங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல் வேலை சார்ந்த நிகழ்வாகவே வகைப்படுத்தியது. வேலையில் உண்டானதை உங்கள் குணத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

‘சம்பளம் எனக்குப் பெரிதில்லை’ என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. யாரைத் திருப்திப்படுத்த அதை எழுதினீர்கள்? பாலம் கட்டும் பொறியாளரிடம் சேவை மனப்பான்மை இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. செவிலியரிடம் மட்டும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஊதியத்தைப் பற்றிப் பேசினால் முகம் சுளிக்கிற வழக்கத்துக்கு நீங்களே துணைபோகாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இறந்தவர் இருக்கிறார், உங்கள் மனம் இருக்கிறது. அன்றிரவு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர் என்பது மட்டும் இல்லை. இதைத்தான் சில நாள்களாக நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் சித்தி அரசு மருத்துவமனை ஒன்றில் 31 ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். இரவுப் பணி முடிந்து வந்ததும் வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் கால்களை நனைத்தபடி, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் ஓர் எண்ணை எழுதி, கம்பியில் குத்தி வைப்பார். 38, 44, ஒருமுறை 61. ‘ஓவர் எடுக்கும்போது இருந்த தலைகள்’ என்பார்; பணியைப் பொறுப்பேற்றபோது வார்டில் இருந்த நோயாளிகளின் கணக்கு அது. மே 12, செவிலியர் தின விழாவில் யாரோ செவிலியரை வெள்ளுடைத் தேவதைகள் என்று புகழ்ந்துவிட்டுப் போன அன்று, ‘தேவதைக்குக் கால் வலிக்காதாமா?’ என்று கேட்டபடியே அன்றைய எண்ணையும் எழுதினார்.

அந்த நாளுக்குரிய பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் கையில் நாம் விளக்கை மட்டும் கொடுத்து வைத்திருக்கிறோம். 1854இல், கிரிமியப் போரின்போது, அவர் துருக்கியில் ஸ்குட்டாரியிலிருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் குளிர்காலம் முழுவதும் வீரர்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள்; 1855 மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றுக்கு வழி செய்த பிறகே சாவு வெகுவாகக் குறைந்தது. ஊர் திரும்பியவர் இறப்புகளைக் கணக்கெடுத்து, காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிக அதிகம் என்று வரைபடம் போட்டு அரசின் முன் வைத்தார். லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் அவர். நம் விழா மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை; மெழுகுவத்தி ஏற்றுவது சுலபம்.

உங்கள் தொழிலிலிருந்தே இன்னொருவர், லிண்டா எய்க்கன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து அவரும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் செவிலியர் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும் உயர்ந்திருந்தன. நோயாளியின் உயிரையும் உங்கள் ஆர்வத்தையும் தின்பது ஒரே எண்தான் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் மருத்துவமனையில் தியான வகுப்பு நடத்தினால் தாராளமாகப் போய் உட்காருங்கள். ஆனால் மூச்சை எண்ணச் சொல்கிறவரிடம் படுக்கைகளையும் எண்ணச் சொல்லுங்கள்.

சித்தியின் கம்பியில் சேர்ந்த தாள்கள் அவர் ஓய்வு பெற்றபோது ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. வீட்டை ஒழித்த நாளில் பழைய பேப்பர்காரரிடம் அவற்றை எடைக்குப் போட்டவன் நான்தான். அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வார் என்றும் எனக்குத் தோன்றவில்லை, அவை என்ன என்று தெரிந்திருந்தும்.

அடுத்த கடிதத்தில் நேற்றிரவு நீங்கள் எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். அதற்கு முந்தைய இரவையும்.