செக்கிங்கில் கண் பிசகியதை பையருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். 'எம்' சைஸ் டி-ஷர்ட்டில் 'எல்' லேபிள் தைத்திருந்ததை ஃபைனல் செக்கிங்கில் பராக்குப் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டார்கள். சரக்கு போய்விட்டது. சரக்கு வாங்கும் லண்டன் பையருக்கு 'வீ வேர் அஸ்லீப் அட் த வீல்' என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். பொறுப்பில் இருப்பவரே கண்காணிக்காமல் கிடந்தார் என்பது அதன் பொருள். நிர்வாகமே தூங்கியது என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். தவறுக்காகப் பணம் பிடிக்க டெபிட் நோட் போடும்போது அந்த வரியைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

உங்களுக்குப் பொருந்துவது 'வீ டுக் அவர் ஐ ஆஃப் த பால்'. பந்தை விட்டுக் கண்ணை எடுத்த ஆட்டக்காரரின் நிலை. கண்ணைக் குறிக்கும் 'ஐ' ஒருமையிலேயே இருக்கட்டும். 'எங்கள்' என்று பொருள்படும் 'அவர்' மட்டும் ஆளுக்கு ஏற்ப 'ஹிஸ்', 'ஹெர்' என்று மாறும். மெயிலில் ஒருமுறை போதும். அடுத்த வரியிலேயே எத்தனை பீஸ், எந்தெந்த கார்ட்டன், லேபிள் மாற்ற என்ன ஏற்பாடு என்று வந்துவிட வேண்டும்.

'ஆயிரம் இடியம்ஸ்' என்று புத்தகம் போட்டுக் காசு பார்க்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்களிடம் ஏமாறாதீர்கள். எல்லாவற்றுக்கும் எதிரே 'கவனக்குறைவு' என்று ஒரே சொல்லை அச்சடித்திருப்பார்கள். 'ஆப்சன்ட்-மைண்டட்' ஒருவருடைய சுபாவத்தைச் சொல்வது, ஒருநாள் தவறுக்கு ஆகாது. 'லாஸ்ட் மை ட்ரெயின் ஆஃப் தாட்' பேச்சோ யோசனையோ பாதியில் அறுந்தால் மட்டும். அந்த 'ட்ரெயின்' ரயில் அல்ல, எண்ணத்தொடர். 'வுல்-கேதரிங்' பகல்கனவு. புதரில் சிக்கிய செம்மறிக் கம்பளியைப் பொறுக்கித் திரிந்ததில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்குகிறது. நம் கிளுவை வேலியில் மேச்சேரி செம்மறி ஆடு எத்தனை உரசினாலும் கம்பளி சிக்காது, அதற்கு இருப்பது குட்டை முடிதான். இதையெல்லாம் சொல்லித்தராமல் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யவைத்தே பள்ளியை முடித்து அனுப்புகிறார்கள். பிள்ளைகள் மெயில் எழுத உட்காரும்போது திணறாமல் என்ன செய்வார்கள்?

'அஸ்லீப் அட் த வீல்' விஷயத்தில் இன்னொன்று. 'வீல்' என்றால் ஸ்டியரிங். தூத்துக்குடிக்குப் போன லாரி தாமதமானதற்கு டிரைவரைப் பற்றி இப்படி எழுதினால், நிஜமாகவே ஓட்டும்போது தூங்கினார் என்றுதான் படிப்பார்கள். விபத்தா, சரக்குக்குச் சேதமா, இன்சூரன்ஸுக்குச் சொல்லியாயிற்றா என்று கேள்வி கிளம்பும். கன்டெய்னர், வேன், ஃபோர்க்லிஃப்ட், எதை ஓட்டுபவரானாலும் இதேதான். உண்மையில் தூங்கியிருந்தால் மட்டும் எழுதுங்கள். டீக்கடையில் நேரம் போயிருந்தால் தாமதம் என்று சொல்லும் 'டிலேய்ட்' போதும்.

அனுப்புமுன் கார்ட்டன் எண்களை பேக்கிங் லிஸ்ட்டோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.