வாசகர் கேள்வி: நொடியையும் நாளையும் அளக்கும் புரதங்கள்

கண்ணும் மூளையும் இல்லாத பாக்டீரியா, உணவு இருக்கும் திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?
— இளநிலை நுண்ணுயிரியல் மாணவி, திருச்சி

திசையை அது கண்டுபிடிப்பதே இல்லை. ஈ.கோலை ஏறக்குறைய ஒரு நொடி நேராக நீந்தும். பிறகு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் குட்டிக்கரணம் போடும். முகம் எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் மறுபடி ஓடும். ஒற்றை பாக்டீரியாவை விடாமல் பின்தொடரும் நுண்ணோக்கியை வைத்து ஹோவர்ட் பெர்க்கும் டக்ளஸ் பிரவுனும் 1972-இல் இதை அளந்து காட்டினார்கள். போகும் வழியில் அதற்கு உணவான அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம் கூடிக்கொண்டே வந்தால், அடுத்த குட்டிக்கரணத்தைத் தள்ளிப்போடும். செய்வது அவ்வளவுதான்.

செல் சவ்வைத் துளைத்து நிற்கும் 'டார்' என்ற ஏற்பி சுமார் 30 நானோமீட்டர் நீளம். அஸ்பார்டேட் வந்து ஒட்டியதும், அதிலுள்ள ஒரு ஆல்ஃபா சுருள் உள்பக்கமாக 0.1 முதல் 0.2 நானோமீட்டர் வரை சறுக்குகிறது. அணு ஒன்றின் அளவுதான் அந்த அசைவு! அது அடிமுனை வரை கடந்து போய், அங்கே உட்கார்ந்திருக்கும் கீ-ஏ என்ற கைனேஸை (பாஸ்பேட் ஏற்றும் நொதி) அடக்குகிறது.

தேர்வில் பலர் தலைகீழாக எழுதுவது இந்த இடத்தில்தான். உணவு கிடைத்தால் சமிக்ஞை அதிகரிக்காது, குறையும். கீ-ஏ தன் 48-ஆம் இடத்து ஹிஸ்டிடினில் பாஸ்பேட்டை ஏற்றி, அதைக் கீ-ஒய் புரதத்தின் 57-ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலத்துக்குக் கைமாற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய கீ-ஒய் மோட்டாரில் போய் ஒட்டினால், இடஞ்சுழியாக ஓடிய கசையிழை (நீந்த உதவும் வால் போன்ற இழை) வலஞ்சுழியாகத் திரும்பும், கற்றை கலையும், குட்டிக்கரணம் விழும். கீ-இசட் அந்த பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். கீ-இசட் இல்லாவிட்டால் அது தானாகக் கழன்று விழ பல நொடிகள் ஆகும். ஒரு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டிய உயிருக்கு அது கட்டுப்படியாகாது.

நினைவாற்றலும் ஏற்பியிலேயே இருக்கிறது. 'டாரின்' ஒவ்வொரு இழையிலும் நான்கு இடங்களில் கீ-ஆர் மெத்தில் ஏற்றும், கீ-பி இறக்கும். இந்த வேலை மெதுவாக நடப்பதால், சில நொடிகளுக்கு முந்தைய செறிவு அங்கே பதிவாகி நிற்கிறது. பாக்டீரியா இப்போதைய நிலவரத்தை ஒப்பிடுவது அதனோடுதான். இன்னொன்று: ஏற்பிகள் தனித்தனியாக நிற்பதில்லை. இரட்டைகள் மூன்று சேர்ந்து ஒரு கொத்து. கொத்துகள் 12 நானோமீட்டர் இடைவெளியில் தேனடை போல அடுக்கப்பட்டவை. ஒன்று அசைந்தால் பக்கத்தில் இருப்பவையும் அசைவதால், சிறு மாற்றமும் பெருக்கிக் காட்டப்படுகிறது.

நீச்சல் தட்டில் (பாக்டீரியா உள்ளே நீந்திப் பரவும் மென்மையான அகார் தட்டு) வளையமே வரவில்லை. எங்கே பிழை?
— ஆய்வக உதவியாளர், கோவை

முதலில் அகார் அளவைப் பாருங்கள். 0.25 முதல் 0.3 சதவீதம்தான் இருக்க வேண்டும். 0.5-ஐத் தொட்டால் நீந்த வழியிருக்காது. 1 சதவீத ட்ரிப்டோன், 0.5 சதவீத உப்பு போதும். குளுக்கோஸ் சேர்த்தால் கசையிழை மரபணுக்களே அடங்கிவிடும். வெப்பம் 30 டிகிரி. வழக்கம்போல 37-இல் வைத்தால் கசையிழை குறையும். நடுவில் 2 மைக்ரோலிட்டரைக் குத்தி விடுங்கள். தட்டைக் கவிழ்க்கக் கூடாது, தூக்கிக்கொண்டு நடக்கவும் கூடாது.

பிறகு ரகம். குளோனிங்குக்கு வைத்திருக்கும் ரகங்களில் பல சரியாக நீந்தாதவை. ஆர்.பி. 437 போன்ற, இந்த ஆய்வுக்கென்றே உள்ள ரகத்தை எடுங்கள். எட்டுப் பத்து மணி நேரத்தில் வெளியே செரின் வளையமும் உள்ளே அஸ்பார்டேட் வளையமும் தெரியும். உணவின் செறிவுச் சரிவை நாம் உண்டாக்கவில்லை. தின்றுகொண்டே போகும் பாக்டீரியாவே உண்டாக்குகிறது.

நுண்ணோக்கியில் அழகாக நீந்துகிறது, தட்டில் மட்டும் பரவவில்லையா? கீ-ஒய் பழுதாக இருக்கலாம். குட்டிக்கரணம் போடத் தெரியாதது அகாரின் முட்டுச்சந்துக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

மூன்று புரதங்களைக் குழாயில் ஊற்றினால் 24 மணி நேரக் கடிகாரம் ஓடும் என்கிறார்களே, நம்பலாமா?
— ஆசிரியர், மதுரை

தாராளமாக நம்பலாம். சினெகோகாக்கஸ் என்ற நீலப்பச்சைப் பாக்டீரியாவின் கய் மரபணுக்கள் 1998-இல் வெளியாயின. ('கய்' ஜப்பானியச் சொல், சுழற்சி என்று பொருள்.) 2005-இல் தகாவோ கோண்டோவின் குழு அந்தப் புரதங்களைக் குழாயிலேயே ஓட்டிக் காட்டியது. கய்-ஏ 1.2 மைக்ரோமோலார், கய்-பி, கய்-சி தலா 3.5, ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) 1 மில்லிமோலார், மக்னீசியம் 5 மில்லிமோலார், பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எடுத்து ஜெல்லில் ஓட்டினால், பாஸ்பேட் ஏறிய கய்-சி மேல் பட்டையாகவும் ஏறாதது கீழ்ப் பட்டையாகவும் பிரியும். மேல் பட்டை தடிப்பதும் மெலிவதும் நாளுக்கு ஒரு சுற்று.

கய்-சி ஆறு அலகுகள் சேர்ந்த இரட்டை வளையம். இரண்டாம் வளையத்தின் வாலைக் கய்-ஏ பிடித்து இழுத்தால் பாஸ்பேட் ஏறும்: முதலில் 432-ஆம் திரியோனின், பிறகு 431-ஆம் செரின். இறங்கும்போதும் திரியோனின்தான் முதலில். செரினில் மட்டும் பாஸ்பேட் மிஞ்சும் கட்டத்தில் கய்-பி முதல் வளையத்தில் ஏறி, கய்-ஏவைச் சிறைபிடிக்கும். ஏற்றுவதற்கு ஆள் இல்லாததால் மீதியும் இறங்கிவிடும்.

இவ்வளவு தாமதம் எதனால்? முதல் வளையத்தில் ஏ.டி.பி.யை வெட்ட வேண்டிய நீர் மூலக்கூறு தோதான இடத்தில் இருப்பதில்லை. அதனால் ஓர் அலகு நாள் ஒன்றுக்குச் சுமார் 15 ஏ.டி.பி.தான் செலவழிக்கிறது. செல்லுக்குள் சரக்கு சுமக்கும் கைனீசின் ஒரே நொடியில் நூறு வரை செலவழிக்கும்! இன்னொரு காரணம் கய்-பி. வளையத்தில் ஏறுமுன் தன் மடிப்பையே மாற்றி, தயோரெடாக்சின் என்ற வேறொரு புரதத்தின் வடிவத்துக்கு வர வேண்டும். அந்த வடிவம் அதற்கு அபூர்வம்.

கெடுப்பவை: சுத்திகரிக்கும்போது தாங்கல் கரைசலில் ஏ.டி.பி. இல்லையென்றால் வளையம் உதிர்ந்துவிடும். கய்-ஏ அதிகமானால் பாஸ்பேட் ஏறியபடியே நின்றுவிடும். ஐஸில் வைத்த கய்-சியிலும் பாஸ்பேட் ஏறியே இருக்கும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

இவை இரண்டையும் ஒரே பாடத்தில் வைத்திருக்கிறார்கள். ஏதாவது தொடர்பு உண்டா?
— முதுகலை மாணவர், சென்னை

உண்டு. கடிகாரம் மரபணுக்களுக்குச் செய்தி சொல்வதும் ஹிஸ்டிடினிலிருந்து அஸ்பார்டிக் அமிலத்துக்கு பாஸ்பேட் போகும் அதே வழியில்தான். சாஸ்-ஏ என்ற கைனேஸ், ஆர்.பி.ஏ.-ஏ என்ற புரதத்துக்கு பாஸ்பேட் தருகிறது. சாஸ்-ஏவின் முன்பகுதி தயோரெடாக்சின் மடிப்பு. வளையத்தில் அது உட்காரும் இடமும் கய்-பியின் இடமும் ஒன்றே. கய்-பி மடிப்பு மாறி வந்ததும் சாஸ்-ஏ இறங்க வேண்டியதுதான். அதன்பின் கிக்-ஏ வந்து ஒட்டி, ஆர்.பி.ஏ.-ஏவின் பாஸ்பேட்டைக் கழற்றத் தொடங்கும். பாஸ்பேட் கைமாறும் விதம் இரண்டிலும் ஒன்று. கைனேஸை முடுக்கும் புரதம்தான் வேறு. ஒன்றில் நொடியில் சறுக்கும் சுருள், மற்றதில் நாள் முழுக்க இழுக்கும் வளையம்.

நம் உடலின் கடிகாரமும் இதுதானா?
— வாசகர், தஞ்சாவூர்

இல்லை. நம்மிடம் கய் புரதங்களே கிடையாது. பெர், கிரை புரதங்கள் சேர்ந்து தங்கள் மரபணுக்களைத் தாங்களே அடக்கும் வேறொரு சுற்று நமக்கு.